பெட்டியைத் திறக்குமுன் சுவரைப் பாருங்கள்

வெளிநாட்டில் பிள்ளைகள், ஊரில் பெற்றோர், நடுவில் பழுதான கருவிகள். குறிஞ்சிப்பாடியிலிருந்து பதில்கள்.

கே: அம்மா குறிஞ்சிப்பாடியில் தனியாக இருக்கிறார். வாங்கிக் கொடுத்த டி.வி. மூன்றும் ஒவ்வொன்றாகக் கருகிவிட்டன. பக்கத்து வீட்டில் ஏ.சி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஓடுகின்றன, ஒன்றும் ஆவதில்லை. அம்மாவிடம் இருப்பது ஒரு டி.வி., ஒரு ஃபேன். கம்பெனியை மாற்றிப் பார்க்கலாமா? (தம்மாமிலிருந்து)

கம்பெனியை விடுங்கள், கம்பத்தைப் பாருங்கள். ஒரு டி.வி., ஒரு ஃபேன் என்று எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் என்று நான்கு கம்பிகள் வருகின்றன. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். வீட்டுக்கு ஒரு ஃபேஸ், எல்லோருக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல். அந்த நியூட்ரல் எங்காவது ஜாயின்ட்டில் அரித்தோ தளர்ந்தோ விட்டுப்போனால், வேறு வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். அதிகக் கரண்ட் இழுக்கும் பக்கத்துக்குக் குறைந்த வோல்ட், குறைவாக இழுக்கும் பக்கத்துக்கு அதிக வோல்ட். ஏ.சி. ஓடும் பக்கத்தில் விளக்கு மங்கும். ஒரு டி.வி., ஒரு ஃபேன் மட்டும் ஓடும் பக்கத்தில் 300 வோல்ட்டைத் தாண்டும். பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் மட்டும் ஊரிலும் இருக்கிற வீடுகளில்தான் கரண்ட் செலவு குறைவு. அடியும் அங்கேதான் விழுகிறது.

அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: டி.வி. போவதற்கு முன் பல்பு பளீரென்று எரிந்ததா, ஃபேன் வேகம் தானாக ஏறியதா? ஆமாம் என்றால் சந்தேகமே வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிறது. "நியூட்ரல் லூஸ்" என்ற இரண்டு சொல்லைச் சொல்லிப் புகார் பதியுங்கள். "டி.வி. ரிப்பேர்" என்று சொன்னால் யாரும் கம்பம் ஏற மாட்டார்கள். வீட்டுக்குள் மீட்டரைத் தாண்டியதும் ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வோல்ட் எல்லை தாண்டினால் அது வீடு முழுவதையும் துண்டித்து, சரியானதும் தானே சேர்க்கும். நாலாவது டி.வி.யின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறியது. முதலில் அது, பிறகு டி.வி.

கே: சிங்கப்பூரில் சாதுவாக இருக்கும் என் லேப்டாப், விடுமுறைக்குச் சிதம்பரம் வந்தால் மட்டும் கையை ஜிவ்வென்று இழுக்கிறது. இங்கே கரண்ட் அதிகமா?

இரண்டு ஊரிலும் அதே 230 வோல்ட், அதே 50 ஹெர்ட்ஸ். வித்தியாசம் சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டையான எர்த்தில் இருக்கிறது. சார்ஜருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாக மிகச் சொற்பமான கரண்ட் உலோக உடலுக்குக் கசியும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் மணிக்கட்டு வழியாகப் போகும். அந்தக் கசிவு ஆளைக் கொல்லாது. ஆனால் அதே சுவரில்தான் அப்பாவின் வாட்டர் ஹீட்டரும் அம்மாவின் கிரைண்டரும் மாட்டியிருக்கின்றன. அவற்றில் உள்ளே வயர் உரசினால் வருவது ஜிவ்வென்ற உணர்ச்சியாக இருக்காது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. இருந்தாலும் எர்த் குழி காய்ந்து கிடக்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் குழியில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். லேப்டாப் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது.

கே: இங்கே அறையில் ஒரு நண்பர், ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பின் சார்ஜரை சிங்கப்பூர் சாக்கெட்டில் பேனா மூடியால் மேல் ஓட்டையைக் குத்தித் திறந்து செருகுகிறார். வேலை செய்கிறது. தடுக்கலாமா?

இன்றைக்கே தடுங்கள். ஓட்டையை உள்ளே அடைத்திருக்கும் தடுப்பு குழந்தைகளின் விரலைக் காப்பதற்காக வைத்தது. அந்த ஊர் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் உண்டு. நம் பிளக்கில் கிடையாது. உருண்டைப் பின் செவ்வக ஓட்டையில் இறுகப் பிடிக்காது; பொறி பறக்கும், உருகும். ஒரு நல்ல அடாப்டரை அவர் பிறந்தநாளுக்குக் காத்திருக்காமல் வாங்கிக் கொடுங்கள்.

கே: அப்பா தறியை விட்டு ஓய்ந்துவிட்டார், பொழுதுபோக்கு டி.வி. ஒன்றுதான். வாரத்தில் பாதி நாள் "படம் வரலப்பா" என்று போன். நான் துபாயிலிருந்து கத்தி, அவர் அங்கிருந்து கத்தி, கடைசியில் இருவருக்கும் கோபம். என்ன செய்வது?

கத்துவதை விட்டு, பார்ப்பதற்கு வழி செய்யுங்கள். "என்னப்பா தெரியுது?" என்று கேட்டால் "ஒண்ணும் தெரியல" என்றுதான் பதில் வரும், அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு வேண்டிய எதுவும் தெரியவில்லை. வீடியோ காலில் பின்பக்க கேமராவுக்கு மாற்ற மட்டும் கற்றுக்கொடுங்கள். திரையை ஒருமுறை நீங்கள் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. திரை ஒளிர்ந்து "நோ சிக்னல்" என்றால் கை தவறி இன்புட் மாறியிருக்கிறது, அல்லது செட்டாப் பாக்ஸ் அணைந்திருக்கிறது. திரை முழுக் கருப்பு, சிவப்பு விளக்கும் இல்லை என்றால் பிளக்கைப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை ஊர் வரும்போது செய்யவேண்டியது: செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் பவர் பொத்தானுக்கு நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு, டி.வி. ரிமோட்டில் இன்புட் பொத்தானுக்குப் பச்சைப் பொட்டு. அவருக்குத் தேவைப்படாத பொத்தான்களின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். "அப்பா, பச்சையை அமுக்குங்க" என்பது ஒரே மூச்சில் முடிகிற வாக்கியம். எத்தனையோ இழையின் நிறத்தைப் பிரித்துப் பாவு போட்டு லுங்கி நெய்த கை அது. அவருக்குப் புரியாதது கருவி இல்லை, நம் அவசரம்.

கே: "ஈ.பி. பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30க்கு கரண்ட் துண்டிக்கப்படும்" என்று அம்மாவுக்கு மெசேஜ். அந்த எண்ணைக் கூப்பிட்டதும், நான் வழக்கமாக அவர் போனைச் சரிசெய்யப் பயன்படுத்தும் அதே எனிடெஸ்க்கைத் திறக்கச் சொன்னார்களாம். நல்லவேளை பக்கத்து வீட்டுப் பையன் தடுத்தான். இனி அந்த ஆப்பையே நீக்கிவிடவா? (அபுதாபியிலிருந்து)

நீக்கிவிடுங்கள். திருடன் கெட்டிக்காரன் என்பதால் அம்மா ஏமாறவில்லை. நீங்கள் பழக்கிய வழியிலேயே அவன் வந்ததால்தான் ஏமாறப் பார்த்தார். "ஒன்பது இலக்க நம்பரைச் சொல்லும்மா, ஓகே அமுக்கும்மா" என்று மகன் சொல்லிப் பழகிய காதுக்கு, ஈ.பி. ஆபீசர் சொன்னாலும் அது வழக்கமான வேலையாகவே கேட்கும். இந்த வகை ஆப்பைக் காட்டி நடக்கும் வங்கி மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து தொட்டே ஆகவேண்டும் என்றால், விண்டோஸிலேயே இருக்கும் குவிக் அசிஸ்ட் போதும். வங்கி ஆப் இருக்கும் போனில் மட்டும் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு ஒரே சட்டம்: அம்மா உங்களைக் கூப்பிட்டால் உதவி, அம்மாவை யார் கூப்பிட்டாலும் உதவி இல்லை, அது நீங்களே என்றாலும். குரலைப் போலி செய்கிற காலம் இது. உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். குலதெய்வக் கோயிலில் கடைசியாக என்ன படைத்தோம் என்பதுபோல. பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930. முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் போகும் வழியில் மடக்க முடியும்.

கே: நியூஜெர்சிக்கு வருகிறபோது டேபிள் டாப் கிரைண்டரும் மிக்ஸியும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்கிறார் அம்மா. டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடுமா?

மிக்ஸி ஓடும், கிரைண்டர் சண்டை போடும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார். அது ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலைப்படாது. 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். அது மிக்ஸியைவிடக் கனமாக இருக்கும். விமான நிலையத்தில் விற்கும் கைக்கடக்கமான கன்வர்ட்டர் பெட்டியை மோட்டாருக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தை ஹெர்ட்ஸ்தான் தீர்மானிக்கிறது. 50க்குச் செய்ததை 60இல் ஓட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும், கல்லைத் தள்ளும் வலு குறையும், ஊறிய உளுந்தோடு தொடங்கவே திணறும். கோவையில் அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் கிரைண்டர் செய்து அனுப்புகிறார்கள்; அதை நியூஜெர்சியிலேயே வாங்குங்கள். அம்மாவின் பெட்டியில் மிச்சமாகும் இடத்தில் கருவடாம் வரட்டும்.

சவூதியில் இருப்போருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கேயும் 60 ஹெர்ட்ஸ். வெகுகாலம் 127, 220 என்று இரண்டு வோல்ட்டும் புழங்கிய நாடு அது. அங்கிருந்து ஊருக்கு ஃபிரிட்ஜ் அனுப்ப ஆசைப்பட்டால் பின்பக்க லேபிளைப் படியுங்கள். 50/60 என்று இருந்தால் சரி. வெறும் 60 என்று இருந்தால் இங்கே கம்ப்ரஸர் சூடேறிச் சீக்கிரம் சாகும். லேப்டாப், போன் சார்ஜர்களில் 100 முதல் 240 வரை, 50/60 என்று அச்சிட்டிருக்கும். அவை எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும். ஜப்பானுக்குள்ளேயே டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. 1890களில் ஒரு பக்கம் ஜெர்மன் இயந்திரமும் மறு பக்கம் அமெரிக்க இயந்திரமும் வாங்கிய கதை இன்றுவரை தொடர்கிறது. லேபிளைப் படிக்கும் பழக்கம் உலகம் முழுக்கச் செல்லும் விசா.

கே: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாத்தா, ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டரில் தன் நினைவுகளைத் தமிழில் தட்டி வைத்தார். அவர் இப்போது இல்லை. டொராண்டோவில் நான் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கிறது. வைரஸா? அழிந்துவிட்டதா?

ஒரு எழுத்தும் அழியவில்லை. தாத்தா அங்கேயே இருக்கிறார். உங்கள் கம்ப்யூட்டரிடம் அவருடைய ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான்.

இன்று எல்லாக் கருவிகளும் யூனிகோடில் பேசுகின்றன. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. ஆனால் வீடுகளில் அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் குடிவைத்து ஃபான்ட் செய்தார்கள். ஒருவர் ஃபான்ட்டில் "க" இருந்த இடத்தில் இன்னொருவர் ஃபான்ட்டில் "ம" இருக்கும். இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் பலர் உங்களைப் போல வெளிநாட்டுவாசிகள் என்பது எனக்கு எப்போதும் பெருமை தரும் செய்தி. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டே கு. கல்யாணசுந்தரம் மயிலை ஃபான்ட்டைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலில் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997இல் தமிழ்நெட் மாநாட்டை நடத்தினார். 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. வீட்டு மேஜையில் தமிழ் தெரியவில்லையே என்ற ஏக்கம்தான் இத்தனை வேலையையும் செய்ய வைத்தது.

இனி உங்கள் வேலை. முதலில் ஃபைலை அப்படியே நகல் எடுத்து வையுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். நகலைத் திறந்து, எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால் ஃபான்ட் பெயர் மேலே தெரியும். அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். தாத்தாவின் பழைய கம்ப்யூட்டர் ஊரில் இருந்தால் யாரையும் ஃபார்மேட் செய்ய விடாதீர்கள். அந்த ஃபான்ட் அதற்குள் இருக்கலாம்.

மாற்றியதும் வேலை முடியாது, படிக்க வேண்டும். பழைய ஃபான்ட்டில் "ர" தட்டவேண்டிய இடத்தில் பலர் துணைக்காலைத் தட்டினார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. கன்வர்ட்டருக்கு அது பிழையாகவே வரும். உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துங்கள். அவர் எழுதியதை முதல்முறையாக முழுதும் படிக்கப்போவது நீங்களாக இருக்கலாம்.

கே: ஊர் சிம் செத்துவிட்டால் வங்கி ஓ.டி.பி. போச்சு. எப்படி உயிரோடு வைப்பது? (தோஹாவிலிருந்து)

கிளம்பும் முன்பே இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துகொள்ளுங்கள். அங்கே போய்த் திறக்க முயன்றால் அதற்கும் ஓ.டி.பி. கேட்கும். ரோமிங்கில் டேட்டாவை அணைத்து வையுங்கள், வேலிடிட்டியை முடியவிடாதீர்கள். பிரீபெய்டு சிம்மை 90 நாள் தொடர்ந்து எதற்கும் பயன்படுத்தாமல் போட்டால் கம்பெனி துண்டிக்கலாம். ஊரில் யாராவது ரீசார்ஜ் செய்யட்டும், நீங்கள் மாதம் ஒரு மெசேஜாவது அனுப்புங்கள். யு.பி.ஐ.க்கு இந்திய எண்தான் வேண்டும் என்ற கட்டாயம் 2023 ஜனவரியில் தளர்ந்தது. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளோடு கத்தார், அமீரகம், சவூதி, ஓமன், சிங்கப்பூர் உட்படப் பத்து நாட்டு எண்களை இணைக்க அனுமதி வந்தது. உங்கள் வங்கி அதைச் செய்துகொடுக்கிறதா என்று கேளுங்கள்.

கே: ஒவ்வொரு கார்த்திகையிலும் உயிர் போய் உயிர் வருகிறது. புயல் என்றதும் வீட்டு போன், வைஃபை எல்லாம் செத்துவிடும். இரண்டு நாள் ஒரு தகவலும் இருக்காது. எதை வாங்கி வைக்கட்டும்? (குவைத்தில் நர்ஸ், வீடு குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துக் கிராமம்)

தங்கையே, 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூரைக் கடந்தபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015 நவம்பரில் பரவனாறு பெருகி நம் வட்டாரத்தைப் புரட்டியது. 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை கடலூருக்குள் நுழைந்தது. உங்கள் பயம் நியாயமானது. இதற்கு ஐப்பசி பிறக்கும் முன்பே தயாராக வேண்டும்.

கரண்ட் போனதும் முதலில் சாவது வீட்டு ரவுட்டர். ஃபைபர் கேபிளுக்குக் கரண்ட் தேவையில்லை, அதில் போவது ஒளி. ஆகவே ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று வாங்கிக் கொடுங்கள். கம்பி அறாதவரை சில மணி நேரம் தாங்கும். செல்போன் டவரின் பேட்டரியும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். புயல் அன்று வீடியோ கால் கேட்டு அழாதீர்கள். காலை, மாலை ஒரு எஸ்.எம்.எஸ். என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பலவீனமான சிக்னலிலும் அது நுழைந்துவிடும்.

இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையில் வைத்திருந்தால் செங்கல் மேடை கட்டி ஏற்றுங்கள். தண்ணீர் படி ஏறுகிறது என்றால் மெயினை அணைக்க வேண்டும்; மெயின் எது என்று அம்மாவுக்குத் தெரியுமா என்பதை இன்றே கேளுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு நடப்பதுதான் பெரிய நஷ்டம்: நனைந்த ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று உடனே போட்டுப் பார்ப்பார்கள். தண்ணீரில் பிழைத்த போர்டு அந்த ஒரு சுவிட்சில் சாகும். மெக்கானிக் திறந்து சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பார்க்கும்வரை எதையும் பிளக்கில் மாட்டக்கூடாது.

கே: நனைந்த செல்போனை அரிசி மூட்டையில் போட்டால் பிழைக்குமா?

அரிசி தவிடுதான் உள்ளே போகும். ஆப்பிளே 2024இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அணைத்துவிட்டு, சார்ஜ் ஏற்றாமல், ஃபேன் காற்றில் விடுங்கள். அரிசியைச் சமையுங்கள்.

கே: பரங்கிப்பேட்டையில் மாட்டிய ஏ.சி.யின் வெளி யூனிட் சீக்கிரமே அரித்துவிட்டது. (ஷார்ஜாவிலிருந்து)

உப்புக் காற்று யாரையும் விடாது. கோட்டிங் போட்ட காப்பர் காயில் உள்ளதாக வாங்கி, கடலைப் பார்க்காத சுவரில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை, கரண்டை நிறுத்திவிட்டு, வெளி யூனிட்டை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள்.

கே: ஊர் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10. தூக்கிப் போடவா?

மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் அதற்கான இலவச ஆதரவை நிறுத்தியது. பேரக்குழந்தையின் போட்டோ பார்ப்பதற்கு மட்டும் என்றால் நெட்டைப் பிடுங்கிவிட்டு வைத்துக்கொள்ளலாம். வங்கி வேலைக்குக் கூடாது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய பெட்டி என்றால் எஸ்.எஸ்.டி. ஒன்று மாட்டி லினக்ஸ் போட்டுப் பாருங்கள். தமிழும் நன்றாக வரும்.

கே: எம் மவன் அமெரிக்காலேருந்து ரொட்டி சுடுற டோஸ்டர் குடுத்தனுப்பியிருக்கான். பயந்துகிட்டு பிரிக்காமலே பீரோ மேல வெச்சிருக்கேன். போன் பண்றப்பல்லாம் "யூஸ் பண்றியாம்மா"ன்னு கேக்குறான். என்ன சொல்றது? (குறிஞ்சிப்பாடியிலிருந்து ஓர் அம்மா)

பிரிக்காதது ரொம்ப நல்லதும்மா. அதன் அடியில் 120 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் சுவரில் வருவது 230. ஏறக்குறைய இரண்டு மடங்கு வோல்ட் என்றால் கம்பியில் ஏறும் சூடு ஏறக்குறைய நான்கு மடங்கு. ரொட்டி கருகுவதற்கு முன் டோஸ்டர் கருகிவிடும். மகனிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: "இங்க கரண்டு வேறப்பா, வரும்போது எடுத்துட்டுப் போ." ஆசையாக வாங்கினவன், அவனுக்கு வருத்தம் வரும். அப்போது அவன் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: வயர்மேனை வரவழைத்து எர்த் குழியைச் சரிபார்க்க, கட்டிலில் படுத்தபடியே கை எட்டுகிற உயரத்தில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒரு சுவிட்ச் வைக்க. ரொட்டியைத் தோசைக்கல்லில் நெய் விட்டுச் சுடுங்கள். அவன் வந்தால் அவனும் அதைத்தான் கேட்பான்.